இஷ்டத்தோடதான் குடுக்கேன்

பேச்சித்தாய் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசினாள். கையைப் பிசையவில்லை, மூக்கைத் தொடவில்லை, புடவைத் தலைப்பை விரலில் சுற்றவில்லை. கால் இரண்டும் என் பக்கமாகத்தான் இருந்தன, கதவுப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. "எங்கண்ணனுக்கு என் கிட்னிய இஷ்டத்தோடதான் குடுக்கேன் மேடம், யாரும் என்னய வற்புறுத்தல" என்றாள். நான் கேட்டு முடிக்கவில்லை. கேள்வியின் கடைசிச் சொல் என் வாயில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது. அதை வைத்து என்ன சொல்ல முடியும்? மனப்பாடம் செய்துகொண்டு வந்தவளும் இப்படித்தான் சொல்வாள், தீர்மானம் செய்துகொண்டு வந்தவளும் இப்படித்தான் சொல்வாள். வேகம் ஒன்றுதான். இந்த ஆஸ்பத்திரியில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான். சிறுநீரகம் கொடுக்க வருகிறவரைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும், மனசார வந்தாரா இல்லை வீட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்களா என்று பார்க்க வேண்டும், நான் சரி என்றால்தான் கமிட்டி, கமிட்டி சரி என்றால்தான் ஆபரேஷன். ரத்தத்தை ஒருவர் பார்க்கிறார், ஸ்கேனை ஒருவர் பார்க்கிறார், இதயத்தை ஒருவர் பார்க்கிறார், முகம் என் பங்குக்கு வந்திருக்கிறது. ரத்தம் பொருந்தினால் பொருந்தியதுதான், அதற்கு மறுபேச்சு இல்லை. முகத்துக்கு அப்படி ஒரு சோதனைக்கூடம் இல்லை. ஜெசிந்தா மேடம் பார்த்தால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சில நாள் அதை நம்பியிருக்கிறேன். ஏசி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் காற்று நேராக அவள் தலையில்தான் விழுகிறது, குளிருதா என்று கேட்டேன், "இல்ல மேடம்" என்றாள். கையில் மயிர் சிலிர்த்து நின்றது. இது பொய்தான், ஆனால் இந்தப் பொய்யை எல்லோரும் சொல்வார்கள், என் வீட்டுக்கு வருகிறவர்களும் பசியில்லை என்றுதான் சொல்வார்கள்.

சென்னையில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் போலீஸிலிருந்து ஓய்வுபெற்றவர், தலைக்கு அடித்த டை காதோரம் வழிந்திருந்தது, பெரிய திரையில் படம் படமாகக் காட்டினார். பொய் சொல்கிறவன் வாயை அடக்கலாம், உடம்பை அடக்க முடியாது என்றார். கழுத்தைத் தடவுவான், எச்சில் விழுங்குவான், கண் ஒரு பக்கம் ஓடும், தலை இல்லை என்று ஆடும் ஆனால் வாய் ஆமாம் என்று சொல்லும். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுதிக்கொண்டோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்டக்டர் சில்லறை இல்லை என்றதும் அவர் கழுத்தைப் பார்த்தேன், அவர் கழுத்தைத் தடவினார், ஆகா என்று இருந்தது, அப்புறம் பார்த்தால் அவருக்கு அங்கே வேர்க்குரு. இந்த அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்ன அறிகுறி அத்தனையும் இங்கே வருகிற எல்லோரிடமும் இருக்கிறது. உடம்பில் ஒரு பாகத்தை வெட்டிக் கொடுக்க வந்திருக்கிறவர் எச்சில் விழுங்காமல் என்ன செய்வார்? பயப்படுகிறவன் உடம்பும் பொய் சொல்கிறவன் உடம்பும் ஒரே மாதிரிதான் வேர்க்கிறது. ராமநாதபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், மகனுக்குக் கொடுக்க, முழங்கால் தடதடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, கண் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. கடைசியில் விசாரித்தால் அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அன்றுதான் லிஃப்டில் ஏறியிருக்கிறார், திரும்பவும் அதில்தான் இறங்க வேண்டுமா என்ற கவலை. கொடுத்தார், நன்றாக இருக்கிறார், மகன் வருஷா வருஷம் கருவாடு கொண்டுவந்து தருகிறான். இன்னொருவர் வந்தார், அத்தை மகன் என்று சொல்லிக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்து சிரித்துப் பேசினார், ஒரு இமை துடிக்கவில்லை, அவர் அத்தையும் இல்லை மகனும் இல்லை, தரகர் கூட்டிவந்த ஆள். அதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர் ஊர் கிராம நிர்வாக அலுவலர் கண்டுபிடித்தார்.

இதை நினைத்தால் ஜெரால்டு நினைவுக்கு வராமல் போவதில்லை. வேண்டாம் என்றாலும் மனசு அங்கேதான் போய் நிற்கும். என் வீட்டுக்காரர் வேலை போன பிறகும் பல மாதம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். நான்தான் டிபன் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து ஆபீஸில் இன்றைக்கு ஏசி ரிப்பேர், மேனேஜருக்குப் பேத்தி பிறந்திருக்கிறது என்று சொல்வார். எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். குழம்பில் உப்புக் கம்மி என்பார். கழுத்தைத் தடவவில்லை, கண் ஓடவில்லை. நான் பகல் முழுக்க அடுத்தவர்கள் கழுத்தைப் பார்த்துவிட்டு வந்து, இவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். பிறகு தெரிந்து சண்டையெல்லாம் போட்டு முடித்து ஒருநாள் சும்மா கேட்டேன், எப்படி முடிந்தது உங்களுக்கு என்று. "பொய் சொல்றோம்னே எனக்குத் தோணல ஜெசி. காலைல ஷூ மாட்டும்போது நெசமாவே ஆபீஸுக்குத்தான் போறேன்னு இருக்கும். பஸ் ஸ்டாண்டு வந்தப்புறந்தான் ஞாபகம் வரும்" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரை வந்துகொண்டிருந்த கோபமும் அன்றோடு போய்விட்டது. தன்னிடமே சொல்லி நம்பவைத்துவிட்ட பொய்க்கு அறிகுறி கிடையாது, அந்த டை அடித்த மனிதர் இதைச் சொல்லித்தரவில்லை. பேச்சித்தாய் இப்போது அந்த இடத்தில் இருக்கிறாளா? வீட்டில் சொல்லிச் சொல்லி, கோவில்பட்டியிலிருந்து மதுரை வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இப்போது இஷ்டம் என்ற சொல்லை ஷூ மாதிரி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாளா? இல்லை, நிஜமாகவே இஷ்டமா? அண்ணனுக்குத் தங்கை கொடுப்பதில் என்ன அதிசயம்? நான்தான் ஜெரால்டைக் கொண்டுபோய் ஊரார் முகத்தில் எல்லாம் ஒட்டவைக்கிறேனோ?

அவளுடைய கதையை அவளே சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. புருஷன் திருப்பூர் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார், எட்டாவது படிக்கிற மகளோடு இவள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். அண்ணன் சீனிப்பாண்டி மினி லாரி ஓட்டியவர், இப்போது ஓட்ட முடியவில்லை, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அண்ணிக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது, எல்லாம் ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போனது. "அண்ணன் உங்களை எப்படி வச்சிருக்காரு?" என்றேன். "தங்கமா வச்சிருக்கான்" என்றாள், அப்போது முகம் தளர்ந்து நிஜமான ஒரு சிரிப்பு வந்தது, அது வந்து போனதும்தான் அதுவரைக்கும் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்தது. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்திருக்கிறது. ஆனால் இதுவும் என் கற்பனையாக இருக்கலாம். தட்டு என்று ஒரு உவமை கிடைத்ததும் அது தட்டாகவே தெரிய ஆரம்பித்துவிடும். "ஆபரேஷன் பத்தி ஏதாவது கேக்கணுமா?" என்றேன். "இல்ல மேடம்." "எத்தனை நாள் படுக்கையில இருக்கணும், அப்புறம் வேலைக்குப் போலாமா, எதுவும்?" "டாக்டர் சொன்னாரு மேடம், எல்லாம் சரியாயிரும்னு." எனக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். கொடுக்க வருகிறவர்கள் கேட்டுத் துளைத்துவிடுவார்கள். தையல் எவ்வளவு நீளம், குடம் தூக்கலாமா, கோழிக்கறி சாப்பிடலாமா, பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாமா. ஆபரேஷனுக்கு அப்புறம் இருக்கிற நாட்களில் அவர்கள் ஏற்கெனவே போய் வாழ ஆரம்பித்திருப்பார்கள். பேச்சித்தாய்க்கு அப்புறம் என்று ஒன்று இருக்கிற மாதிரியே தெரியவில்லை. ஆனால் பேசாத சுபாவமுள்ளவளாக இருந்தால்? கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவளாக இருந்தால்? வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா சுப்புத்தாய் நின்றுகொண்டிருக்கிறார், கண்ணாடி புகைபோட்டது, ஆள் தெரியாது, நிழல் மட்டும் தெரியும். அந்த நிழல் அசையவில்லை. பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நிழல் அண்ணனுடையது. நான் சரி என்று எழுதினால் அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார், லாரி ஓட்டுவார், இந்தப் பெண்ணையும் அவள் மகளையும் தங்கமாக வைத்திருப்பார். சரி இல்லை என்று எழுத என்னிடம் இருப்பது என்ன? கேள்வி கேட்கவில்லை என்பது. தட்டு என்பது. ஒரு மனிதர் உயிரைத் தட்டிலா நிறுத்துப் பார்ப்பது?

"வேண்டாம்னு சொன்னா வீட்டுல என்ன ஆகும் பேச்சி?" என்று கேட்டேன். சிரித்தாள். இது அந்தச் சிரிப்பு இல்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. "எதுக்கு மேடம் வேண்டாம்னு சொல்லப்போறேன்? இஷ்டத்தோடதான் குடுக்கேன்" என்றாள், அதே சொற்கள், அதே வரிசை. காலையில் அம்மாவிடம் பேசியபோது அம்மாவும் இதே வரிசையில்தான் சொன்னார், இஷ்டத்தோடதான் குடுக்கா, யாரும் அவளை வற்புறுத்தல. ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒரே மாதிரி பேசுவதும் சகஜம்தான். என் அம்மா சொல்கிற மாதிரியேதான் நானும் ஆண்டவரே என்று சொல்கிறேன். இப்படி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்துகொண்டது, எந்தக் கதவும் எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. எனக்குச் சலித்துவிட்டது. பார்ப்பது சலித்துவிட்டது. எதிரே ஒரு பெண் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளை மருந்துச் சீட்டு மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய் ஏசியை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அறை பெரியதாகிவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், இருவரும் சுவரைப் பார்த்தபடி. முகத்தைப் பார்க்காமல் பேசினேன். "பேச்சி, நான் சொல்றத மட்டும் கேளு. பதில் சொல்ல வேண்டாம். உனக்கு இஷ்டம்னா நல்லது, போய்ச் சந்தோஷமாக் குடு. உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல வேண்டாம்னு இருந்தா, அத நீ யார்ட்டயும் சொல்ல வேண்டாம். டாக்டர் வெளிய வந்து, உன் உடம்பு தானத்துக்கு ஒத்துவரலன்னு சொல்லிருவாரு. அவ்வளவுதான் சொல்லுவாரு. நீ சொன்னேன்னு உங்கம்மாவுக்கோ அண்ணனுக்கோ சாகுற வரைக்கும் தெரியாது. இது உனக்காக மட்டும் நான் சொல்றதில்ல, எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் செய்வோம்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நீர்வீழ்ச்சி, எந்த ஊர் என்று போடவில்லை. வெளியே டிராலி ஒன்று உருண்டு போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, காப்பி ஆறிப்போகிற நேரம் இருக்கும். பிறகு அவள் குரல், அதுவரை பேசிய குரல் இல்லை, தொண்டையில் சளி கட்டிய மாதிரி வேறொரு குரல், "அப்படிச் சொல்லலாமாக்கா?" என்றது. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லலாம்" என்றேன். அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல், நாற்காலி ஆடுவதில் தெரிந்தது. "எங்கண்ணன் மேல பாசம் இல்லாம இல்லக்கா. அவன் இல்லன்னா நானும் எம்பிள்ளையும் தெருவுலதான். அவனுக்கு நான் உசுரையே குடுக்கணும். ஆனா எனக்குப் பயமா இருக்கு. மயக்க ஊசி போட்டா எந்திரிக்க மாட்டேன்னு இருக்கு. ராத்திரி எல்லாம் அதான் வருது. எம்மகள யார் பாப்பா? எங்கம்மாட்ட சொன்னேன், எல்லாருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும், வாய மூடுன்னுட்டா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேற காரணம் எதுவும் இல்லக்கா. பயந்தான். இது ஒரு காரணமா?" என்றாள். போதும் என்றேன். வற்புறுத்தினார்கள், அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று ஏதாவது இருக்கும் என்றுதானே நானும் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு வில்லன் கிடைத்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஒருவரும் இல்லை. ஒரு பெண்ணுக்குப் பயம், அவ்வளவுதான். பயத்தை எப்படிப் போக்கலாம் என்று பேசிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆயிரத்தில் ஒருவருக்கு ஆகிறதே அபூர்வம் என்று சொல்லலாம். சொன்னால் தலையாட்டுவாள், மறுபடி முகம் கழுவி வைத்த தட்டாகிவிடும். சொல்லவில்லை. முகம் துடைக்க டிஷ்யூ கொடுத்தேன். "நான் கண்ணு செவந்துபோய் வெளிய போனா தெரிஞ்சுருமேக்கா" என்றாள். "குடுக்க முடியலன்னு அழுதேன்னு நெனச்சுக்குவாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, ஒரு பொய்யை எவ்வளவு லாவகமாக எடுத்துக் கொடுக்கிறேன்.

டாக்டர் வைத்திலிங்கத்துக்குப் போன் செய்தேன். இந்தக் குடும்பத்தைப் பார்க்கிற கிட்னி டாக்டர். விஷயத்தைச் சொன்னதும், "சரி, ஒத்துவரலன்னு சொல்லிருங்க" என்றார். வழக்கமாக அவர்தான் சொல்வார், ஆனால் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தார், சாயங்காலம்தான் வருவார். அதுவரை இந்தப் பெண்ணை அந்த அம்மாவோடு காத்திருக்க வைக்க முடியாது. ஆகவே நான். வாசல் வரை போகிற தூரத்துக்குள் என்னவெல்லாம் வருகிறது. கையை எங்கே வைப்பது? மார்பில் கட்டினால் மறைக்கிறேன் என்று அர்த்தம், பின்னால் கட்டினால் அதிகாரம், தொங்கவிட்டால் யாரோ கைகள் மாதிரி இருக்கின்றன. எத்தனை பேரை இப்படி வைத்துப் பார்த்தேன், இன்றைக்கு என் கை எனக்குப் பாரமாக இருக்கிறது. கண்ணைத் தாழ்த்தக்கூடாது. எச்சில் விழுங்கக்கூடாது. விழுங்கக்கூடாது என்றதும் வாயில் எச்சில் ஊறுகிறது. கதவைத் திறந்தேன். சுப்புத்தாய் சுவரை விட்டு நிமிர்ந்தார். சீனிப்பாண்டி எழுந்திருக்கப் பார்த்தார், உட்காருங்க என்றேன். முகம் வீங்கி, கை நரம்பில் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போய், ஆனால் சட்டை தேய்த்துப் போட்டிருந்தார், மீசை ஒதுக்கியிருந்தார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நிதானமாக, "டாக்டர்ட்ட பேசினேன். பேச்சித்தாய் உடம்பு தானம் குடுக்க ஒத்துவரலன்னு முடிவு பண்ணிருக்காங்க. அவங்கட்ட எடுக்க முடியாது" என்றேன். சுப்புத்தாய் மகளைப் பார்த்தார். சிவந்த கண்ணைப் பார்த்தார். "எல்லாம் பொருந்துதுன்னு போன வாரம் சொன்னாகளே தாயி" என்றார் என்னிடம். "ரத்தம் பொருந்துது. அது மட்டும் போதாதும்மா." "அப்ப இன்னொரு தடவ டெஸ்டு எடுத்துப் பாத்தா?" "எத்தனை தடவ எடுத்தாலும் முடிவு இதுதாம்மா." அந்த அம்மா மெல்ல உட்கார்ந்துவிட்டார். நம்பிவிட்டார். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "அழாத, நீ என்ன செய்வ" என்று முதுகைத் தடவினார். பேச்சித்தாய் அந்தக் கைக்குக் கீழே கல்லாக இருந்தாள். அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ உடம்புல கெடுதி ஒண்ணும் இல்லயே மேடம்?" என்றார். உண்டு என்றால் குடும்பமே பயந்துபோகும், இல்லை என்றால் சொன்னது நிற்காது. "இல்ல. நல்லா இருக்கா. குடுக்கத்தான் முடியாது" என்றேன், கண்ணை எடுக்காமல். "அது போதும்" என்றார் அவர். "விடும்மா. அந்த லிஸ்டுல பேரப் பதிஞ்சு வைப்போம், எறந்தவங்ககிட்டருந்து வரும்போது வரட்டும்." தங்கையிடம், "எந்திரி, போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார், அதட்டல் மாதிரி இருந்தது, ஆனால் அவள் எழுந்து நடந்ததும் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குத் திரும்பி உட்கார்ந்தேன், ஏசி போடவில்லை, புழுக்கமாக இருந்தது. முடிந்தது என்று இருந்தது. அந்த மனிதர் இனி எத்தனை மாதம், எத்தனை வருஷம் அந்த மெஷினில் போய்ப் படுக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது, அதை நிறுத்த அடுத்தவர் ஃபைலைத் திறந்தேன், பெயர் மட்டும் படித்தேன், மறுபடி அதே பெயரைப் படித்தேன். கதவைத் தட்டிக்கொண்டு சீனிப்பாண்டி வந்தார், நடந்துவந்த மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "அம்மா கீழ கேன்டீனுக்குப் போயிருக்கு. ஒண்ணு சொல்லணும்" என்றார். "பேச்சி சின்னப் புள்ளையில ஊசி போட வாரவுகளப் பாத்தா கட்டிலுக்கடியில போயிருவா. நாந்தான் காலப் பிடிச்சு இழுப்பேன். இந்தத் தடவ இழுக்க எனக்கு மனசு இல்ல. வேண்டாம்னு நான் சொன்னாலும் அம்மா கேக்கல, என்ன செய்ய?" எதைச் சொன்னாலும் பேச்சித்தாய்க்குக் கொடுத்த வாக்கு உடையும். "டாக்டர் சொன்னதத்தான் நான் சொன்னேன்" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார், வீங்கிய முகத்தில் கண் சிறுத்தது. "செக்போஸ்டுல நிக்கிற ஆளுங்க எங்க சரக்கப் பாக்க மாட்டாங்க மேடம், எங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. புது டிரைவர்தான் அவங்க கண்ண நேராப் பாத்துக்கிட்டே நிப்பான். அம்மா திரும்ப வந்து கேட்டா, இவ்ளோ நேராப் பாத்துச் சொல்லாதீங்க." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

சுப்புத்தாய் வந்தார். மகன் சொன்ன மாதிரியே திரும்பி வந்தார், தனியாக. நான் தயாராகிவிட்டேன், பேனாவை எடுத்துக்கொண்டேன், மேசையைப் பார்த்துச் சொல்லலாம், நடுவில் இருமிக்கொள்ளலாம். அவர் கேள்வி கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைக்காரரிடம் சாமான் கேட்கிற மாதிரி, "எங்கிட்ட எடுத்துக்கிருங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "பெத்தவ நாந்தான. எனக்கென்ன இனிமே, இருந்தாலும் ஒண்ணுதான் போனாலும் ஒண்ணுதான். அவகிட்ட ஒத்துவரலன்னா எங்கிட்ட எடுங்க. ரெண்டையும் எடுத்துக்கிருங்க." அவரை முதலிலேயே சோதித்திருந்தார்கள். வயது அதிகம், ரத்தக் கொதிப்பு, ஏற்கெனவே ஒரு சிறுநீரகம் சுருங்கியிருந்தது. அது ஸ்கேனில் எல்லோரும் பார்த்தது. அதை அவரிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அம்மா, உங்களுக்கு... உங்களுக்கு ஏற்கெனவே பாத்தாங்கம்மா, அது..." என்று ஆரம்பித்தேன். குரல் எங்கோ சிக்கிக்கொண்டது. எச்சில் விழுங்கினேன். சொல்லி முடித்தபோது வாக்கியம் பாதியில் திரும்பித் திரும்பி வந்திருந்தது, கையில் இருந்த பேனா எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. "உங்க உடம்பு ஒத்துவராதும்மா. நெசமாவே."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். "பொய் சொல்லுத தாயி நீ" என்றார். "கெழவிக்குச் செலவு பண்ணக்கூடாதுன்னு சொல்லுதீக. அவளுக்கு முடியாதுன்னது நெசம், அது உம் மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. இது பொய்யி."